கோயில் வாசலுக்கு வெளியே



மன்னாரின் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 1544இல் தொடங்குவது வழக்கம். சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றவர்களில் ஏறக்குறைய 600 பேர் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் அவர்களை நினைத்து முழந்தாளிடுகிறோம். அது நம் கடமை. ஆனால் விசுவாசத்துக்காகச் சாவதைப் பற்றி இத்தனை எழுதிய நாம், விசுவாசத்தோடு தொழில் செய்வதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

எனக்கு 1658க்குப் பிந்திய முப்பது ஆண்டுகளே பெரிதாகப் படுகின்றன. ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையைப் பிடித்தார்கள். குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு ஒளிக்க இடம் கொடுத்தால் மரண தண்டனை என்றார்கள். 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை நம் சனங்களுக்கு நிலையாய் ஒரு குரு இல்லை, கோயில்களும் பறிபோயின. அப்படியிருந்தும் விசுவாசம் அற்றுப்போகவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தது ஊர்ப் பெரியவர். செபம் சொல்லிக் கொடுத்தது ஆச்சி. 1670இல் மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே மருதமடுப் பக்கம் போனவர்களும் குடும்பங்கள்தான் என்பது நம் மரபு. 1705இல் தலைமன்னாரில் வந்திறங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இன்றும் ஊரார்தான் இராகமெடுத்து வாசிக்கிறார்கள். நமது விசுவாசம் கோயிலுக்கு வெளியே வளர்ந்து வலுப்பட்டது. அது கோயிலுக்குள் மட்டும் போய் ஒதுங்கிவிடக்கூடாது என்பதே இன்று என் கவலை.

கோயிலுக்கு வெளியே நடக்கும் வாழ்க்கையை விசாரிப்பது நமக்குப் புதிதல்ல. மன்னாரிலும் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1580இல் தமிழில் ஒரு நூலை அச்சிட்டார். கொம்பெசியோனாயரு என்று பெயர். பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவன் தன் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்க்க உதவும் கைநூல். தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களில் ஒன்று, நாளாந்த நடத்தையை விசாரிக்கும் நூலாக இருந்ததை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த விசாரணையைக் கடற்கரைக்குக் கொண்டு போவோம். விடியற்காலையில் வள்ளம் கரையேறுகிறது. இரவு முழுக்கக் கண்விழித்தவன் மீனைக் கொட்டுகிறான். ஆனால் விலை சொல்வது அவனல்ல. வலைக்கோ இயந்திரத்துக்கோ முற்பணம் கொடுத்த வியாபாரி சொல்வதே விலை. பக்கத்தில் ஏலத்தில் கூடுதலாகப் போனாலும் இவன் மீன் அங்கே போகாது. கடன் தீர்ந்தால் இவன் கைவிட்டுப் போய்விடுவான் என்பதால் கடன் தீரவிடப்படுவதுமில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் பெருநாளில் ஒரே சுரூபக் கூட்டைச் சுமக்கிறார்கள். களவு பற்றிய கட்டளை அந்தக் கடன் கொப்பிக்குப் பொருந்துமா இல்லையா? இறையியல் படித்தவர்கள் இதற்கு நேராக விடை சொல்ல வேண்டும். பொருந்தும் என்பது என் துணிபு.

கடலுக்குள்ளும் இதே கேள்விதான். இழுவைமடிக்கு இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடை வந்தது. இராமேசுவரம் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் நம் வலைகளை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. அக்கரையிலும் நம் தமிழ்ச் சனம்தான். அவர்களிலும் எத்தனையோ பேர் கத்தோலிக்கர். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரையாரும் அருகருகே நின்று செபிக்கிறோம். அங்கே கைகொடுத்துக்கொண்டவர்கள் மறுநாள் இரவில் கடலில் எப்படிச் சந்திக்கிறார்கள் என்பதை இரு கரையிலும் கேட்டு எழுத ஆய்வாளர் தேவை. நம் பக்கத்தில் டைனமைட் வெடித்து மீன் பிடிப்பவரையும் அந்த ஆய்வு விட்டுவிடக்கூடாது.

அயலவர் விடயம் இன்னும் கடினம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றினார்கள். முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டி வெறுமையானது. அந்த வீடுகளையும் தோட்டங்களையும் கிறிஸ்தவ அயலவர் எப்படிப் பார்த்தார்கள், திரும்பி வந்தவர்களை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை அந்த முஸ்லிம் மக்களிடமே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். 2019இல் சிவராத்திரிக்கு முந்திய நாள் திருக்கேதீச்சரச் சிவன் கோயில் வீதியில் எழுப்பிய வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். மாதாவின் பேரால் அதை நியாயப்படுத்த முடியாது. எங்கள் ஆட்கள்தானே என்று மறைத்து எழுதும் வரலாறு எனக்கு வேண்டாம்.

ஒரு வேண்டுகோளோடு இந்த ஆய்வரங்கின் முதல் அமர்வை ஆரம்பித்து வைக்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் முதற் கேள்வியைப் பேராசிரியர்கள் கேட்க வேண்டாம். பேசாலை, வங்காலை, தலைமன்னார், சிலாவத்துறைக் கரைகளிலிருந்து தொழிலை விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் கேட்கட்டும். அவர்களுக்கு விளங்காத இடத்தைக் கட்டுரையாளர் அங்கேயே, அவர்கள் பேச்சில், திரும்பச் சொல்லட்டும்.