மாணவர்கள் விட்ட துணைக்கோள்



ஆகாயத்தைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதைகளுக்குக் குறைவில்லை. மேலே ஏழு லோகம் உண்டென்றார்கள். அங்கே யார் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுவரை சொன்னார்கள். போய்ப் பார்த்தவன்தான் ஒருவனுமில்லை. அமெரிக்காவில் கொலராடோ சர்வகலாசாலையார், பார்த்துச் சொல்லுவதற்கென்றே ஒரு துணைக்கோளைச் செய்து அனுப்பினார்கள். அதைப் பற்றியே இன்று நாம் பேச வந்தோம்.

அதன் பெயர் ஸ்னோ. எடை, இரண்டு ஆள் எடைதான் இருக்கும். 1998-ம் வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி, ஆகாய விமானத்தின் அடியில் மாட்டிக்கொண்டுபோன ராக்கெட்டின் மூலம் அது மேலே விடப்பட்டது. அதைக் கட்டுவதிலும், பின்னர் அதற்குக் கட்டளை அனுப்பி நடத்துவதிலும் காலேஜ் மாணவர்களே ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். நம் வீட்டிலோ இருபது வயதுப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், "பெரியவர்கள் சொன்னால் கேள்" என்று வாயை அடைக்கிறோம்!

அது தேடியது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை. தரைக்குமேல் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இவ்வாயு உண்டாகிறது. மேல்காற்றின் சூட்டைத் தணிப்பது இது. கீழே இறங்கினாலோ, நம்மைக் காக்கும் ஓசோனை அழிக்க வல்லது. கண்ணுக்குத் தெரியாத வாயுவை எப்படி அளந்தார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வெயில் பட்டால் இவ்வாயு ஒருவகைப் புற ஊதா ஒளியைச் சிதறுகிறது. அவ்வொளி எவ்வளவு என்று கருவி அளந்தால், வாயு எவ்வளவு என்று கணக்குப் போட்டு விடலாம். சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிரை அளக்கவும் அதே துணைக்கோளில் வேறொரு கருவி இருந்தது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பூமத்திய ரேகைப் பக்கத்தில், எக்ஸ் கதிர் கூடினால் வாயுவும் கூடிற்று; அது குறைந்தால் இதுவும் குறைந்தது.

துருவப் பக்கத்தில் காரணம் வேறு. அங்கே இரவு வானில் தோன்றும் வர்ண ஒளியைக் கண்டு, செத்தவர்களின் ஆவி விளையாடுகிறது என்று நம்பிய ஜனங்கள் உண்டு. வானிலிருந்து பாய்ந்து வந்து அவ்வொளியை உண்டாக்கும் எலெக்ட்ரான்களே அங்கு இவ்வாயுவையும் உண்டாக்குகின்றன.

எல்லாம் ஜெயமாகவே முடிந்ததென்று நினைக்கவேண்டாம். அதே திட்டத்தில் பாஸ்டன் சர்வகலாசாலையார் 1999 மே மாதத்தில் விட்ட துணைக்கோள், தன் தகடுகளைச் சூரியனுக்கு நேரே திருப்பமாட்டாமல் மின்சாரமின்றி வீணாயிற்று. ராகுகாலத்தில் விட்டதால் வந்த வினை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பிசகு எங்கே என்று விசாரித்தார்கள்.

ஸ்னோ 2003 டிசம்பர் 13-ந் தேதி பூமியின் காற்றுக்குள் விழுந்து எரிந்துபோயிற்று. அது அனுப்பிய கணக்குகள் இருக்கின்றன. சந்தேகமுள்ளவர் எடுத்துச் சரிபார்க்கலாம்.