புற்றும் மண்டபமும்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புற்றுக்கு மஞ்சளிட்டுப் பாலூற்றி வழிபடும் நாம், அதனைக் கட்டிய கறையானை மட்டும் வீட்டுக்குப் பகையென்று விரட்டுகிறோம். ஆப்பிரிக்காவில் ஒரு கட்டடக் கலைஞர் அக்கறையானையே ஆசானாகக் கொண்டார்.

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்த ஈஸ்ட்கேட் மையம் 1996இல் திறக்கப்பட்டது. வழக்கமான குளிர்சாதன வசதி அதில் இல்லை. இரவில் விசிறிகள் குளிர்காற்றை உள்ளிழுத்துக் கனத்த கான்கிரீட் தளங்களைக் குளிரச் செய்கின்றன. பகலில் அத்தளங்களின் ஊடே வரும் காற்று தண்மை பெற்று அறைகளை அடைகிறது. சூடேறிய காற்று மேலெழுந்து புகைபோக்கிகளின் வழியே வெளியேறுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புற்று அவ்வாறு தன்னைக் குளிர்வித்துக்கொள்வதில்லை என்று ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் ஆகிய ஆய்வாளர்கள் 2008இல் எடுத்துக்காட்டினர். நுரையீரலைப் போல் மூச்சு விடுவதே அதன் பணியாம். பாடத்தைப் பிழையாகப் படித்தும் கட்டடம் நன்றாகவே அமைந்துவிட்டது!

ஆயினும் அதனை அப்படியே இங்குக் கொண்டுவருதல் இயலாது. ஹராரே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு இரவு குளிரும். நம் மலேசிய இரவோ புழுங்கும். கால்களின்மேல் உயர்ந்து, அகன்ற இறவாரமும் காற்றோடும் இடைவெளிகளும் கொண்டு நிற்கும் கம்பத்து வீடே இம்மண்ணுக்கு ஏற்ற ஆசான்.

நம் மண்டபச் சாளரங்களைக் கண்ணாடியால் அடைத்துக் குளிர்சாதனம் பொருத்தலாம் என்னும் பேச்சு எழுந்துள்ளது. அதற்குமுன், கூரையுச்சியில் வெப்பக்காற்று வெளியேற வழியமைக்க இயலுமா என்று கட்டடக் கலைஞரிடம் ஒருமுறை கேட்குமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் வேண்டுகிறேன்.