கல்வராயன் மலை அருவிகள்



கெடார்ப் பக்கத்தில் வாழும் நமக்கு ஏரி புதிதன்று. மதகும் கலிங்கும் நாம் சிறு வயது முதல் கண்டவை. ஆனால் அருவி காண வேண்டுமாயின், கள்ளக்குறிச்சியைக் கடந்து மேற்கே கல்வராயன் மலைக்குச் செல்லுதல் வேண்டும். முன்பு நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அப்பகுதி, 2019 இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவாகிய இம்மலையின் வடபகுதி சின்னக் கல்வராயன். தென்பகுதி பெரிய கல்வராயன். கரியாலூரில் படகு விடும் ஏரி உண்டு. பெரியார் அருவி, மேகம் அருவி முதலியன காண்போர் உள்ளத்தைக் கவர்வன. கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் இங்கே தோன்றிச் சமவெளி வயல்களை நனைத்து, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன.

மழை நின்று பல நாள் ஆன பின்னும் அருவியில் நீர் வழிவது எங்ஙனம்? இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. உதிர்ந்த சருகு நீரைத் தடுத்து மண்ணுள் இறக்குகிறது. மண்ணும் பாறை வெடிப்பும் அதனைச் சேமித்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. கரை இல்லாத ஏரி என்றே காட்டைக் கூறலாம். காடு அழியின், மழைநாளில் வெள்ளமும் மறு திங்களில் வறண்ட பாறையுமே எஞ்சும்.

இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். இவர்களைக் கேரள நாட்டாரென்று மயங்குதல் கூடாது. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்களது மரபுச் செய்தி. சாமையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். நாடு 1947 இல் விடுதலை பெற்ற பின்னரும் இவர்கள் ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தனர். 1976 இல்தான் அப்பிடி நீங்கிற்று.

பல ஆண்டுகட்கு முன் மாணவர் சிலரை அம்மலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அருவியில் நீராடிக் கட்டுச்சோறு உண்டபின், அவர்கள் எச்சில் இலைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் ஓடையில் எறிந்தனர். நான் கண்டும் கண்டிக்கவில்லை. இறங்கி வரும் வழியில், அதே ஓடையில் மூதாட்டி ஒருவர் குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்தார். மிதந்து வந்த எங்கள் இலையொன்றை எடுத்துக் கரையில் போட்டுவிட்டு, "பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டாச்சா, ஐயா?" என்று அன்போடு வினவினார். கடிந்து ஒரு சொல்லும் இல்லை. எனக்கு விடை கூற நா எழவில்லை. மாணவன் ஒருவன் ஒன்றும் பேசாமல் திரும்பி மேலேறினான். மற்றவர்களும் அவனைத் தொடர்ந்தனர். எறிந்தவற்றையெல்லாம் பொறுக்கி, மூட்டையாகக் கட்டி ஊருக்கே கொண்டுவந்தோம். பூகோளப் பாடத்தில் நான் கற்பிக்கத் தவறியதை அந்த மூதாட்டி கற்பித்துவிட்டார்.

ஆதலின் இளைஞர்களே, மலைக்குச் செல்லுங்கள், மகிழுங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் திடீரென வரும். உள்ளூரார் வேண்டா என்று தடுத்தால் அருவியில் இறங்காதீர்கள். அவர்களைக் கேளாமல் படம் பிடிக்காதீர்கள். கொண்டுசென்றதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நாம் ஒரு பகல் நீராடிவிட்டு வீடு திரும்புகிறோம். அவர்களோ அந்நீரைக் கொண்டுதான் அன்று மாலை உலை வைக்க வேண்டும். இதனை மறவாதிருப்பீர்களாக.