சட்டம் வந்தது, பத்திரம் வந்ததா?

(மூதூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. நம் பாட்டன் பாட்டியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கலவரங்களுக்குப் பின் மலையை விட்டுத் திருகோணமலைப் பக்கம் இறங்கிய குடும்பங்களும் அந்தக் காத்திருப்பைச் சுமந்தே வந்தன.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. ஆனால் லயத்தில் பிறந்து பதியாமல் விடப்பட்டவர்களும், ஓடிவந்தபோது பத்திரங்களைத் தொலைத்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் வாக்குச்சாவடியிலும் வங்கியிலும் கஷ்டம். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் கஷ்டம்.

ஆகவே இன்று இரவே வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்பு பதியாதவருக்குக் காலங்கடந்த பதிவு கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போவோம். வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்போம். தனியே போகத் தயங்குகிறவரோடு சங்கம் கூட வரும்.

நாம் காத்திருந்தது போதும். பிள்ளைகளையும் காக்க வைக்க வேண்டாம்.