போர்முனையிலிருந்து ராலேகான் சித்திக்கு

நமது நாட்டில் படைவீரர் ஓய்வு பெறும் வயது, ஏனைய அரசு ஊழியர்கள் அடுத்த பதவி உயர்வை எதிர்நோக்கியிருக்கும் வயதாகும். சிப்பாய்களில் பெரும்பாலோர் 35க்கும் 40க்கும் இடையிலேயே சீருடையைக் களைந்துவிடுகின்றனர். ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு வீடு திரும்புகின்றனர். கனரக வாகனம் ஓட்டவும், பாலம் அமைக்கவும், குறித்த நேரத்தில் குறித்த வேலையை முடிக்கவும் பழகிய இவர்களுக்கு ஊரில் காத்திருப்பது பெரும்பாலும் காவலாளி வேலைதான். இந்த மனித வளத்தைப் பயன்படுத்த அரசு முயலாமல் இல்லை. 1982ஆம் ஆண்டில் முன்னாள் வீரர்களைக் கொண்டே பிரதேச இராணுவத்தில் ஒரு சுற்றுச்சூழல் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் வெட்டியதால் மொட்டையாகிப்போன முசோரி மலைச் சரிவுகளில் அப்படையினர் மரம் வளர்த்தனர். அது ஆணையின்பேரில் திரட்டப்பட்ட படை. ஆணை ஏதுமின்றி, தனி ஒருவராக ஊர் திரும்பிய ஒரு வீரரின் வரலாறு இதனினும் சிக்கலானது. ஊரக வளர்ச்சிப் பணியில் ஈடுபடுவோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியதும் அதுவே.

அவர் கிசன் பாபுராவ் ஹசாரே. மக்கள் அவரை அண்ணா ஹசாரே என்றே அழைக்கின்றனர். தமிழைப் போலவே மராத்தியிலும் அண்ணா என்பது தமையனைக் குறிக்கும் மரியாதைச் சொல். அவர் 1937இல் பிங்கார் என்னும் ஊரில், வசதியற்ற குடும்பத்தில் பிறந்தார். உறவினர் ஒருவர் மும்பைக்கு அழைத்துச் சென்றார். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. தாதர் பகுதியில் பூ விற்றுப் பிழைத்த இளைஞர், 1960களின் தொடக்கத்தில் இராணுவத்தில் சேர்ந்து வாகன ஓட்டுநரானார். 1965ஆம் ஆண்டுப் போரின்போது பஞ்சாபின் கேம்கரண் முனையில் அவர் பணியாற்றினார். அங்கு நிகழ்ந்த தாக்குதலில் உடனிருந்த தோழர்கள் மாண்டனர். அவர் மட்டும் பிழைத்தார். எஞ்சிய உயிரைப் பிறர்க்கு உரியதாக்குவது என்ற உறுதி அந்நாளில் பிறந்ததாக அவர் பின்னர் பலமுறை கூறியுள்ளார். விவேகானந்தரின் நூல் ஒன்று அந்த உறுதிக்கு வடிவம் தந்தது. ஆயினும் அவர் உடனே வேலையை உதறிவிட்டு வந்துவிடவில்லை. பிறர் கையை எதிர்பாராமல் வாழ ஓய்வூதியம் வேண்டும் என்று கருதி, அதற்குரிய தகுதி வரும்வரை காத்திருந்து 1975இல் ஊர் திரும்பினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தொண்டு செய்ய விரும்புவோர் பலரும் மறந்துவிடும் முன்னேற்பாடு இது.

அவர் திரும்பிய ஊரின் நிலை என்ன? அன்று அகமதுநகர் என்றும் இன்று அகில்யாநகர் என்றும் வழங்கும் மாவட்டத்தில், பார்னேர் வட்டத்தைச் சேர்ந்தது ராலேகான் சித்தி. சகயாத்திரி மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதி அது. நல்ல ஆண்டில்கூட 400 முதல் 500 மில்லிமீட்டர் மழைதான். பெய்த மழையும் வெற்றுச் சரிவுகளில் மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடும். 1972ஆம் ஆண்டின் கொடிய வறட்சி மகாராஷ்டிரத்தின் பல ஊர்களைப் போல இவ்வூரையும் முறித்துப்போட்டிருந்தது. விளைச்சல் இல்லாத ஊரில் விளைந்த ஒரே தொழில் கள்ளச்சாராயம். முப்பதுக்கும் மேற்பட்ட அடுப்புகள் எரிந்தன. ஊர்க்கோயிலின் மரச்சட்டங்களையே பெயர்த்தெடுத்து அந்த அடுப்புகளுக்கு விறகாக்கிவிட்டனர் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஹசாரே முதலில் கை வைத்தது அந்தக் கோயிலில்தான். வருங்கால வைப்பு நிதியாகக் கைக்கு வந்த பணத்தை யாதவ்பாபா கோயிலைப் புதுப்பிப்பதில் செலவிட்டார். கோயிலை ஒட்டிய சிறு அறையிலேயே தங்கினார். வேடிக்கை பார்த்த இளைஞர்கள் மெல்ல வந்து கல் சுமந்தனர். ஒரு வளர்ச்சித் திட்டம் கோயில் திருப்பணியில் தொடங்குவதா என்று திட்ட வல்லுநர்கள் வினவக்கூடும். ஆனால் ஊர் முழுவதற்கும் பொதுவானதென்று அன்று அங்கே எஞ்சியிருந்தது அந்தக் கட்டடம் ஒன்றே. மக்கள் கூடிப் பேச ஓர் இடம் கிடைத்த பிறகுதான் நீரைப் பற்றிப் பேச முடிந்தது.

நீர்ப் பணிக்கான முன்மாதிரி அருகிலேயே இருந்தது. புனே மாவட்டம் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர், 1972 வறட்சிக்குப் பின் 'பானி பஞ்சாயத்து' என்னும் நீர்ப் பங்கீட்டு முறையை உருவாக்கியிருந்தார். நிலத்தின் அளவைப் பாராமல், தலைக்கு அரை ஏக்கர் பாசனத்துக்குரிய நீர், நிலமற்றவருக்கும் பங்கு, கரும்புக்குத் தடை. இதனை ஹசாரே நேரில் கண்டு கற்றார். ராலேகானில் ஏற்கெனவே அரசு கட்டித் தந்த கசிவுநீர்க் குட்டை ஒன்று இருந்தது. அதன் கரை ஒழுகியதால் நீர் தங்கவில்லை. புதிய குட்டைக்கு விண்ணப்பம் எழுதாமல், ஊரார் தங்கள் உழைப்பைத் தந்து பழைய கரையைச் சீர்செய்தனர். அடுத்த கோடையில் குட்டைக்குக் கீழே இருந்த கிணறுகளில் நீர் நின்றது. ஓராயிரம் பிரசாரக் கூட்டங்கள் செய்யாததை அந்தக் கிணறுகள் செய்தன. பிறகு வேலை உச்சியிலிருந்து பள்ளத்தை நோக்கி இறங்கியது: சரிவுகளில் சமமட்டப் பள்ளங்கள், மரக்கன்றுகள், புல், ஓடைகளில் சிறு தடுப்பணைகள். ஓடும் நீரை நடக்கவைத்து, நடக்கும் நீரை நிற்கவைத்து, நிற்கும் நீரை நிலத்துள் இறங்கவைப்பது என்று இம்முறையைச் சுருக்கலாம். அரசுத் திட்ட நிதியும் வங்கிக் கடனும் இதில் பெரும் பங்கு வகித்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கட்டுமானத்தைக் காட்டிலும் கடினமானது கட்டுப்பாடு. நிலத்தடி நீர் உயர்ந்ததும் எவருக்கும் கரும்பு நடத்தான் ஆசை வரும். ஊர் அதனை விலக்கியது. வெங்காயம், பயறு, காய்கறி எனக் குறைந்த நீரில் விளைபவற்றை மேற்கொண்டது. மரம் வெட்டத் தடை, கால்நடைகளை மேயவிடத் தடை, மதுவிலக்கு, குடும்பக் கட்டுப்பாடு, உழைப்புத் தானம் ஆகிய ஐந்தும் ஊரின் விதிகளாயின. மேய்ச்சலுக்குத் தடை விதித்ததால் மாடுகளைக் கொட்டிலில் கட்டித் தீவனமிட வேண்டியதாயிற்று; அதன் பயனாகப் பால் வருமானம் பெருகியது. 1980இல் தானிய வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. பஞ்ச காலத்தில் தானியம் பெற்றவர் அறுவடையில் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தந்தார்; வட்டிக்காரனின் வாசலுக்குச் செல்லும் வழி குறைந்தது. ஊரார் கூடி உயர்நிலைப் பள்ளி கட்டினர். பிற ஊர்ப் பள்ளிகளில் தேறாத மாணவர்களையும் அது ஏற்றுக்கொண்டது. தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் கடன் நிலுவையை அடைக்க அவர்களது நிலத்தில் மற்றவர்கள் உழைத்தனர்.

இத்தனைக்கும் நடுவே ஒரு நெருடல் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு புகழ்மாலையாகிவிடும். சாராய அடுப்புகளைப் பெரும்பாலோர் தாமாகவே அணைத்தனர். அதன் பின்னும் குடித்து வந்தோரைத் தூணில் கட்டி அடிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஹசாரே இதை மறுத்ததில்லை. தாய் பிள்ளைக்குக் கசப்பு மருந்து புகட்டுவதற்கு ஒப்பிட்டார். படைமுகாமில் தண்டனை என்பது எழுதப்பட்ட விதிக்கும் விசாரணைக்கும் உட்பட்டது. ஊர்க்கோயில் தூணுக்கு அத்தகைய விதி ஏது? அடிபட்டவன் எங்கே முறையிடுவான்? தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஊர் முடிவுகளில் எவ்வளவு குரல் இருந்தது என்றும், ஒருவரது ஒழுக்க நெறி ஊர் முழுவதற்கும் விதியாகலாமா என்றும் ஆய்வாளர்கள் சிலர் வினவியுள்ளனர். குடும்பங்கள் பிழைத்தன என்ற விடை உண்மையே. அவ்வினாக்களுக்கு அது முழு விடையாகாது. பின்னாளில், ஊரின் பெண்கள் வாக்களித்து மதுக்கடையை மூடச்செய்யும் விதிமுறை மகாராஷ்டிரத்தில் வந்தது. ஹசாரேயும் கிராம சபையின் அதிகாரத்துக்காகவே வாதாடினார். அடியை விட வாக்கு மெதுவானது. ஆனால் அடித்தவர் மறைந்த பின்னும் அது நிற்கும்.

1990இல் பத்மஸ்ரீ விருதும் 1992இல் பத்மபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. ஊழல் எதிர்ப்பு, தகவல் பெறும் உரிமை, 2011இல் தில்லியில் லோக்பால் சட்டத்துக்காக மேற்கொண்ட உண்ணாவிரதம் ஆகியவை நாடறிந்தவை. அவற்றுக்கு இவ்வுரையில் இடமில்லை.

இங்கு முதன்மையான வினா வேறு. ஒரு ராலேகானைப் பல ராலேகான்களாக்க முடியுமா? 1992இல் மகாராஷ்டிர அரசு 'ஆதர்ஷ் காவ்' என்னும் முன்மாதிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கி, ராலேகானின் விதிகளையே தகுதியாக வைத்தது. எல்லா ஊர்களிலும் ஒரேபோல் பலன் கிட்டவில்லை. விதிகளை அரசாணையில் எழுதலாம். அவற்றை ஏற்கும் மனத்தை எழுத முடியாது. ஆனால் அதே மாவட்டத்தில் ஹிவரே பஜார் என்ற ஊர் தேறியது. அங்கே தலைமை ஏற்றவர் சிப்பாய் அல்லர். போபட்ராவ் பவார் என்னும் பட்டதாரி, ஊராட்சித் தேர்தலில் வென்று தலைவரானவர். அதே ஐந்து விதிகளோடு, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டவும் அவ்வூர் தடை விதித்தது. ஆண்டுதோறும் மழையை அளக்கின்றனர். கிணறுகளில் உள்ள நீரைக் கணக்கிட்டு, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக எஞ்சியதற்கு ஏற்பவே அந்தப் பருவத்தில் என்ன பயிரிடுவது என்று கிராம சபையில் முடிவு செய்கின்றனர். மழை குறைந்த ஆண்டில் நிலத்தின் ஒரு பகுதி தரிசாகவே கிடக்கும். அந்த முடிவைக் கூட்டத்தில் கைதூக்கி எடுத்தவர்கள், அந்நிலத்துக்கு உரியவர்களே.