பிப்ரவரி மாதத்து ஆஸ்பத்திரிகள்



அமெரிக்க ஆஸ்பத்திரிகள் கறுப்பர் வரலாற்றைக் கொண்டாடுவது பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும், நமக்கும் அதுக்கும் என்ன உறவுன்னு ஒரு தோழர் கேட்டார். உறவு இருக்கு. 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பாந்தர்ஸ், 1966இல் ஓக்லாந்து நகரில் தோன்றிய கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் தன் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தச் சிறுத்தைகள் துப்பாக்கியோடு நிற்கும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் இலவச மருத்துவ மையங்கள் நடத்தியது பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரை அதிகம் தாக்குகிற அரிவாள் செல் ரத்தசோகையை அரசு கண்டுகொள்ளாமல் கிடந்தபோது, 1971இல் மக்களிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்தவர்கள் அவர்கள். மறு ஆண்டே அந்த நோய்க்கென்று தனிச் சட்டம் வந்தது.

சரி, கொண்டாட்டத்துக்கு வருவோம். கறுப்பர் வரலாற்றை ஒரு வாரம் நினைவுகூர வேண்டும் என்று 1926இல் தொடங்கியவர் கார்ட்டர் உட்சன் என்ற வரலாற்றாசிரியர். 1976இல் அந்த வாரம், பிப்ரவரி மாதம் முழுவதற்குமானதாக விரிந்தது. உட்சன் நிறுவிய சங்கம் 2022ஆம் ஆண்டுக்கு எடுத்துக்கொண்ட கருப்பொருளே கறுப்பரின் உடல்நலம்தான். இன்றைக்கு அங்கே பெரிய ஆஸ்பத்திரிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் பிப்ரவரியில் படம் மாட்டுகின்றன, சொற்பொழிவு வைக்கின்றன, விருந்து போடுகின்றன. இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. சுவரில் தன் இனத்து டாக்டரின் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனா, படத்துக்குப் பின்னாலேயும் கொஞ்சம் பாருங்க. அடிக்கடி மாட்டப்படுகிற படம் டாக்டர் சார்லஸ் ட்ரூவுடையது. ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பெருமளவில் சேமிக்கும் முறையை வளர்த்தெடுத்த கறுப்பர். 1941இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்த வங்கிக்குத் தலைமை தாங்கியவர். அதே சங்கம் கறுப்பர் ரத்தத்தை முதலில் வேண்டாம் என்றது. பிறகு வாங்கி, தனியாகப் பிரித்து வைத்தது. இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகச் சொன்னார். அவர் இறந்த 1950இல்தான் சங்கம் அந்த முறையைக் கைவிட்டது. ரத்தத்தைத் தனியாக வைப்பதன் பொருள் என்ன என்று இந்த அரங்கத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. எனக்குக் கணக்கு மூலமாகச் சொன்னால்தான் விளங்கும். ஒரு கணக்கு சொல்றேன்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவை வைத்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள். அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் நம் காத்திருப்புக் காலம் எண்ணப்படத் தொடங்கும். 2009இல் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கு என்று இருந்தது. கறுப்பருக்குத் தசை அதிகம் என்பது அதற்குச் சொன்ன காரணம். இப்ப நீங்களே போட்டுப் பாருங்க. வெள்ளையருக்கு 18 என்று வந்தால் அவர் வரிசையில் நிற்கலாம். அதே ரத்தம், அதே கிரியேட்டினின், ஆள் கறுப்பர் என்றால் 20.86. “இன்னும் நல்லாத்தான் இருக்கு, போய்ட்டு வாங்க.” யாரும் திட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. ஒரு பெருக்கல்தான்.

மருத்துவ மாணவர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். 2017இல் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை அந்தப் பெருக்கலை விட்டது. 2021இல் சிறுநீரக மருத்துவர்களின் தேசியக் குழு அதை அடியோடு நீக்கச் சொன்னது. அதோடு நின்றிருந்தால் மன்னிப்பு மாதிரி ஆகியிருக்கும். 2023 ஜனவரியிலிருந்து இன்னொன்று நடந்தது. பழைய பரிசோதனைத் தாள்களைத் தேடி எடுங்கள், அந்தப் பெருக்கல் இல்லாமலிருந்தால் ஒரு கறுப்பர் எந்தத் தேதியில் வரிசைக்கு வந்திருப்பாரோ அந்தத் தேதியிலிருந்தே அவர் காத்திருப்பைக் கணக்கிடுங்கள் என்று மாற்றுச் சிறுநீரக மையங்கள் எல்லாவற்றுக்கும் உத்தரவு. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், முன்தேதியிட்டு சீனியாரிட்டி. ஆயிரக்கணக்கானோருக்கு இழந்த காலம் திரும்பக் கிடைத்தது. வரிசை வருவதற்குள் செத்துப்போனவர்களுக்கு எந்தத் தேதியைப் போட முடியும்?

தோழர்களே, ஆஸ்பத்திரியிடம் இருக்கிற கறுப்பர் வரலாறு இதுதான். அது சுவரில் இல்லை, ரெக்கார்டு ரூமில் இருக்கிறது. யாரைத் திருப்பி அனுப்பினோம், எந்தச் சூத்திரத்தால் அனுப்பினோம் என்று தன் பதிவேட்டைத் தானே திறப்பதுதான் கடினம். அதற்குப் பணம் செலவாகும். வரிசையில் முன்னால் நிற்கிறவன் ஓரடி பின்னால் போக வேண்டியிருக்கும்.

விழாவுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, அரசு அலுவலகங்களில் சமத்துவத் திட்டங்களை மூடச் சொல்லி டிரம்ப் ஆணையிட்டார். அதே மாதம் 31ஆம் தேதி, பிப்ரவரியைக் கறுப்பர் வரலாற்று மாதமாக அறிவித்தும் அவரே கையெழுத்துப் போட்டார். இரண்டுக்கும் நடுவில் 11 நாள்.

நாளைக்கு எந்த நிறுவனமாவது நம் தலைவர் படத்துக்கு மாலை போடக் கூப்பிட்டால், போவோம். மாலை போடுவோம். போட்டுவிட்டு, “உங்க பதிவேட்டைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்போம்.

விவாதிப்போம்.