கொழுந்து பறிக்கும் கையும் கேஸ் அடுப்பும்

(தோட்ட மாதர் பிரிவின் மாதாந்தக் கூட்டத்தில், ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம் பேசுவோம், கிலோ பேசுவோம், ஊழியர் சேமலாப நிதி பேசுவோம். இன்றைக்கு நான் கேஸ் அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இது என்ன டீச்சர், சமையல் வகுப்பா?" என்று பின்னால் இருந்து ஓர் அண்ணன் கேட்டார். ஏன் இது சங்கத்து விஷயம் என்பதை எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

போன தை மாதம். விடியற்காலை ஐந்து மணி. பனி கொட்டுகிறது. அம்மா பிரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணீர் வைக்க கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தார். நெருப்பு எழும்பவில்லை. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புகிறது. "கேஸ் இருக்கு, வரத்தான் மாட்டேங்குது" என்று சொல்லி, யாரோ சொன்ன யோசனைப்படி சிலிண்டரைப் படுக்க வைத்தார். அடுத்த நிமிடம் அடுப்பிலிருந்து மஞ்சள் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பியது. அம்மாவின் சேலைத் தலைப்பில் பிடித்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்துக் காம்பரா அண்ணன், வாசலில் கிடந்த கம்பளியை அம்மா மேல் போட்டுச் சுற்றி நெருப்பை அணைத்தார். பிறகு ரெகுலேட்டரை மூடினார். அவர் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கதையை நான் வேறு மாதிரித்தான் சொல்லியிருப்பேன்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான், வெந்த கையில் ஓடிப்போய்ப் பற்பசையைத் தடவினேன். ஆஸ்பத்திரியில் தாதியம்மா அதைக் கழுவி எடுத்தபோது அம்மா துடித்ததைப் பார்த்தேன். வலது கை விரல்கள். கொழுந்து பறிக்கும் விரல்கள். ஐந்து கிழமை அம்மாவுக்கு ஒரு பேர் கூட விழவில்லை.

அதற்குப் பிறகு லயத்தில் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "அந்தம்மாவுக்கு கேஸ் அடுப்பு பாவிக்கத் தெரியாது." உண்மைதான், தெரியாது. ஆனால் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? டவுனில் காசை வாங்கிக்கொண்டு சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். மருந்து அடிக்கிறவருக்கு முகமூடியும் கையுறையும் கேட்கிறோம் அல்லவா? அதே போல் வீட்டு அடுப்புக்கும் விளக்கம் வேண்டும். அதைத்தான் இன்றைக்குச் செய்கிறோம்.

முதலில், குளிரில் ஏன் நெருப்பு எழும்பவில்லை என்று பார்ப்போம். சிலிண்டருக்குள் இருப்பது காற்று அல்ல, தண்ணீர் மாதிரித் திரவம். புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு பொருட்களின் கலவை. அது ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. ஆவியாக அதற்குச் சூடு வேண்டும். புரொப்பேன் நம் ஊர்க் குளிரிலும் ஆவியாகும். பியூட்டேன் கிட்டத்தட்ட பூச்சியம் பாகையில் ஆவியாவதை நிறுத்திவிடும். நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் உறைபனி விழுகிற இடம் நம்முடையது. அதனால் விடியற்காலையில் கேஸ் இருந்தும் நெருப்பு சோர்ந்துவிடும். அது சிலிண்டரின் குற்றமும் இல்லை, நம் குற்றமும் இல்லை.

அந்த நேரத்தில் மூன்று காரியம் செய்யவே கூடாது. சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரும். ஒரு கரண்டி திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 கரண்டி கேஸாகப் பெருகும். அம்மாவுக்கு நடந்தது அதுதான். சிலிண்டரை விறகடுப்புப் பக்கம் நகர்த்திச் சூடேற்றக் கூடாது. கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கவும் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறும். கசிவு இருந்தால் நெருப்பு பக்கத்திலேயே காத்திருக்கும்.

பிறகு என்னதான் செய்வது? இரவிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்து பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். காலைத் தேத்தண்ணீர் ஆயிற்று. சிலிண்டரை ஈரச் சீமெந்துத் தரையில் வைக்காமல், ஆடாத பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் ஏறிய பிறகு அது தானாக ஒழுங்காக எரியும்.

இரண்டாவது, கசிவு. நமது லயக் காம்பராக்கள் வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கும் மிலாறுக்கும் கட்டியவை. ஜன்னல் இருந்தால் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். சமையல் கேஸோ காற்றை விடப் பாரமானது. பள்ளத்தாக்கில் பனி இறங்கித் தங்குவது போல அது தரையோடு படர்ந்து, மூலையில், கட்டிலுக்குக் கீழே தேங்கி நிற்கும். காற்றில் 100க்கு 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் மேல் ஜன்னல் திறந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. கதவைத் திறந்தால்தான் அது வெளியேறும். சமைக்கும்போது கதவு திறந்திருக்கட்டும். குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு அடுப்பெரித்து அறையைச் சூடாக்குவதும் வேண்டாம். மூடிய அறையில் எரியும் எந்த நெருப்பும் மணமே இல்லாத நச்சுப் புகையை உண்டாக்கும். தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும்.

கேஸுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அழுகின மாதிரி நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். ஆனால் விறகுப் புகையில் அது மறைந்துபோகும். தடிமல் பிடித்த மூக்குக்குத் தெரியாது. வயதானவர்களுக்கும் சரியாகத் தெரியாது. என் வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னது: "டீச்சர், கேஸ் நாத்தம் வந்தா அம்மா ஊதுபத்தி கொளுத்துவாங்க." கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது இதுதான். அடுப்பு எரிந்தால் அணையுங்கள், ரெகுலேட்டரை மூடுங்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சுவிட்சுக்குள் வரும் சின்னப் பொறி போதும். போன், டோர்ச், நெருப்புப்பெட்டி எதையும் தொட வேண்டாம். பிள்ளைகளோடு வெளியே வந்து, இரண்டு பக்கத்துக் காம்பராவுக்கும் குரல் கொடுங்கள். அவர்கள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம். விறகடுப்போ சாமி விளக்கோ எரிகிற அறையில் நாற்றம் பலமாக இருந்தால், எதையும் மூடப் போக வேண்டாம். ஆட்களை வெளியே எடுங்கள்.

மூன்றாவது, பராமரிப்பு. இதற்கு பாஸ் யாரும் வேண்டாம். ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் போதும். ரெகுலேட்டர் பூட்டும் இடம், குழாயின் இரண்டு முனை, குழாய் நீளம் எல்லாவற்றிலும் தடவுங்கள். கொப்புளம் வந்தால் கசிகிறது. நெருப்புக்குச்சி காட்டிக் கசிவு தேடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுவோம்.

ரப்பர் குழாயை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்குங்கள். தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்தாதீர்கள். இரண்டு முனையிலும் கிளிப் இருக்க வேண்டும், கம்பியால் சுற்றிக் கட்டுவது போதாது. லயத்தில் எலிக்குக் குறைவில்லை. எலி கடித்த குழாய்க்கு டேப் சுற்றினால் அது குழாய் ஆகாது. குழாய் அடுப்புக்குக் கீழாக, சூடு படும் இடமாகப் போகக் கூடாது. ரெகுலேட்டர் சிலிண்டரில் சரியாகப் பூட்டாவிட்டால் அடித்து இறக்காதீர்கள், கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள். இரவில் அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் போதாது. ரெகுலேட்டரையும் மூடிவிட்டுப் படுங்கள். நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால், ஆறிய பிறகு பர்னரைக் கழற்றி ஊசியால் துளைகளைச் சுத்தம் செய்து, காயவைத்துப் போடுங்கள்.

சிலிண்டர் வாங்கும்போது முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். ஆட்டோவில் நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். 2021ஆம் ஆண்டு கடைசியில் நாடு முழுவதும் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். கேஸ் கலவையின் அளவை மாற்றியதே அதற்கு முக்கிய காரணம் என்று அப்போது ஜனாதிபதி நியமித்த குழுவே சொன்னது. ஆகவே எல்லாவற்றுக்கும் சமைக்கிற பெண்தான் காரணம் என்று யாரும் சொல்ல வேண்டாம். விற்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. முறைப்பாடு இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் தோட்டத் தலைவரோடு வாருங்கள், சங்கம் எழுதித் தரும்.

நான்காவது, நெருப்பு பட்டுவிட்டால். உடுப்பில் பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் நெருப்பு கூடும். கீழே விழுந்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கம்பளியால் மூட வேண்டும். வெந்த இடத்தில் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். பீலித் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் வேண்டாம். என்னைப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். சுத்தமான துணியால் மூடி, 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது இலவசம்.

தோழர்களே, தனி வீட்டில் தீப்பிடித்தால் ஒரு வீடு எரியும். லயத்தில் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்தால் பன்னிரண்டு குடும்பமும் தெருவில். லயம் எரிந்த பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொப்பி எரிந்தது, சீருடை எரிந்தது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எரிந்தன. 1948இல் பிரஜாவுரிமை பறிபோய், ஒரு துண்டுக் காகிதத்துக்காகப் பரம்பரை பரம்பரையாக அலைந்த சனம் நாங்கள். அந்தக் காகிதங்களை ஒரு பையில் போட்டு, அடுப்புக்குத் தூரமாக, வாசல் பக்கம் வையுங்கள். ஆனால் நெருப்புக்குள் அதைத் தேடிப் போகாதீர்கள். காகிதத்தைத் திரும்ப எடுக்கலாம்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கேட்கிறேன்.

ஒன்று, நாம் செய்ய வேண்டியது. ஒவ்வொரு லயத்துக்கும் மாதர் பிரிவிலிருந்து இரண்டு பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவர்க்காரத் தண்ணீரோடு வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். குழாய் மாற்றிய திகதியைக் குசினிச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். குழாய் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு லயமே சேர்ந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் குழாய் பழுதானால் எரியப் போவது நம் எல்லோருடைய கூரையும்தான்.

இரண்டு, நிர்வாகம் செய்ய வேண்டியது. குசினிக்குத் தரையோடு காற்றோட்டம், பழைய கரண்ட் வயர்களுக்குத் திருத்தம், ஒவ்வொரு லயத்துக்கும் தண்ணீர்ப் பீலியும் மணல் வாளியும். இதைக் கடிதமாக எழுதி, கையொப்பம் வைத்து, தலைவர் மூலமாகத் துரையிடம் கொடுப்போம். தனித்தனி வீடு கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். வீட்டுக்காகத் தொடர்ந்து கேட்போம், ஆனால் அடுப்பு நாளைக் காலையும் எரியத்தான் போகிறது.

அம்மா இப்போது திரும்பவும் மலைக்குப் போகிறார். இரண்டு விரல் முழுதாக மடங்காது. முன்பு போலக் கிலோ வருவதில்லை. பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என் கதையைச் சொல்லிவிடு என்று அவர்தான் என்னை அனுப்பினார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், சோறு வைக்குமுன் ஒரு கோப்பை சவர்க்காரத் தண்ணீர் கரையுங்கள். இன்றைக்கே பாருங்கள்.